மூச்சில் போக வேண்டிய மருந்து

மர அறுவை மில்கள் இருக்கும் தெருவில் பனிக்காலம் வந்துவிட்டால் தூள் மேலே போகாது. வெயில் காலத்தில் காற்று அதை எங்காவது கொண்டுபோய்விடும். பனியில் அது ஈரமாகி ஆள் உயரத்திலேயே நின்றுவிடும். ஜன்னல் கம்பி, சைக்கிள் சீட், காயப்போட்ட சட்டை எல்லாவற்றிலும் மாவு பூசியது போல் படியும். நுரையீரலிலும் படியும். அந்தத் தெருவின் ஒரே டாக்டருக்கு அது அறுவடைக் காலம் என்று என் மேனேஜர் சொல்வார். அவர் அந்த வராந்தாவில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

நான் உட்கார்ந்திருக்கிறேன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியின் வேலையில் பாதி உட்கார்ந்திருப்பதுதான்.

கீழே கிளினிக், மேலே வீடு. வராந்தாவில் இரண்டு பெஞ்சு. நீளமானது நோயாளிகளுக்கு. கதவோரம் இருக்கும் குட்டை பெஞ்சு எங்களுக்கு. ஐந்து நோயாளிக்கு ஒரு பிரதிநிதி என்பது சிஸ்டர் போட்ட சட்டம். சிஸ்டர் அங்கே நர்ஸ், காவல், கஜானா எல்லாம். எங்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"ஆளாளுக்கு ஒரு பையத் தூக்கிட்டு வந்துடறீங்க. அவனவன் மூச்சு வாங்கிட்டு உள்ள போறான். நீங்க மட்டும்தான் சிரிச்சுக்கிட்டே போறீங்க."

"சம்பளமே அதுக்குத்தான் சிஸ்டர்."

"அப்போ பல்லு தெரியச் சிரிங்க. இதென்ன, ஓசிக்குச் சிரிக்கற மாதிரி."

உள்ளே எனக்கு இரண்டு நிமிடம். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்பார். மேஜை இழுப்பறையில் ரொட்டி இருக்கும். ஒருவர் வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் ஒரு கடி. சில நாள் அந்தக் கடி வாயில் இருக்கும்போதே அடுத்தவரின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் இருக்கும். "மூச்சை இழுங்க" என்பதை ரொட்டியோடு சேர்த்துச் சொல்வார். நோயாளிகளுக்கு அது புரியும்.

அந்த மாதம் எங்கள் தலைமை அலுவலகம் ஒரு முடிவு செய்திருந்தது. டாக்டர்களுக்கு வேலை அழுத்தம் கூடிவிட்டது, நாம் அவர்களோடு நிற்க வேண்டும் என்று. நிற்பதற்கு அடையாளமாகக் கையில் வைத்து அமுக்கும் ரப்பர் பந்து ஒன்றை அனுப்பியிருந்தது. பந்தைக் கொடுத்து, "உங்களுக்கு நாங்கள் எப்படி உதவலாம்?" என்று கேட்க வேண்டும். பதிலை மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

கேட்டேன்.

டாக்டர் பந்தைப் பார்த்தார். "இதை எப்போ தம்பி அமுக்கறது? ஒரு கையில ஸ்டெத், ஒரு கையில பேனா."

"நேரம் கிடைக்கறப்போ மேடம்."

"நேரம் கிடைச்சா எனக்கு எதுக்குப் பந்து?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஓட்டல்ல ஒரு கூட்டமும் இருக்கு. வேலை அழுத்தத்தைக் குறைக்கறது எப்படின்னு ஒரு பெரிய டாக்டர் பேசறார்."

"ஞாயித்துக்கிழமை நான் துணி துவைக்கறேன்," என்றார் டாக்டர். பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெஜமாவே உதவி வேணுமான்னு கேக்கறீங்களா?"

"ஆமா மேடம்."

"அப்போ வராதீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிஸ்டர் அடுத்த ஆளை உள்ளே விட்டுவிட்டார்.

கம்பெனியிடம் இன்னொரு உதவியும் இருந்தது. தலைமை அலுவலகத்தில் மருத்துவ ஆலோசகர் வேலை காலியாக இருந்தது. காலையில் போனால் மாலையில் வீடு. டாக்டர் போய்ப் பேசிவிட்டும் வந்திருந்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் சரி என்று சொன்னால் அடுத்த மாதம் சேரலாம். கிளினிக்கை மூடிவிட வேண்டும். அந்தப் பதிலை வாங்கி வருவதும் என் பொறுப்பு.

டாக்டரின் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த வீட்டில் சமையல் அவர்தான். அன்றைக்கு நான் வெளியே வந்தபோது மாடிப்படியில் கரண்டியோடு நின்றிருந்தார்.

"தம்பி, கேட்டீங்களா?"

"அதைப் பத்திப் பேச நேரம் இல்ல சார்."

"அதான், அதேதான். புருஷன் நான் கேக்கவே நேரம் இல்ல. உங்களுக்கு எங்க இருக்கப்போகுது?" கரண்டியால் கீழே வராந்தாவைக் காட்டினார். "இந்த ஜனங்களுக்கு வேற டாக்டர் கிடைக்காதா? பஸ் ஏறினா பெரிய ஆஸ்பத்திரி. எனக்கு வேற பொண்டாட்டி கிடைப்பாளா?"

"பாத்துப் பேசுங்க சார், மேல உங்க அப்பா இருக்கார்."

"அவருக்கு எங்க கேக்கும்? அவர் மூச்சுச் சத்தத்துக்கு நடுவுல நான் பேசறது கேக்காது. அதையும் சொல்றேன் கேளுங்க. வீட்டுக்குள்ளயே ஒரு நோயாளி. ரெண்டு மாசமா அவ குடுத்த மருந்துதான். ஒரு இம்மி குறையல. பாக்க நேரமில்ல. படியில இறங்கும்போதே, 'மாமா, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு'ன்னு டப்பாவக் கையில குடுத்துட்டுப் போயிடறா. எங்கப்பா ரயில் ஓட்டினவர் தம்பி. இன்னைக்குக் கட்டில்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் போறதுக்குள்ள ரெண்டு ஸ்டேஷன்ல நிக்கறார்."

அவர் சொன்னது நியாயமாக இருந்தது. டாக்டர் இழுப்பறையில் ரொட்டி வைத்துக்கொள்வதும் நியாயமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் போனபோது மழை. மில் ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். வராந்தா முழுக்க ஈர மரவாசனை. நான் கொண்டுபோன சாம்பிள் பெட்டியை டாக்டர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"தம்பி, ஒரு உதவி. மேல மாமாகிட்ட குடுத்துடுங்க. நேத்தே தீர்ந்துபோச்சுன்னார். டோஸ் கூட்டியிருக்கேன்னு சொல்லுங்க."

மேலே போனேன். வாத்தியார் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் நாற்காலியில் பெரியவர். போர்வைக்குள் தோள் ஏறி இறங்கியது. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"வாங்க தம்பி. மருந்துக்காரரா? உங்க சரக்குல... சாரமே இல்லையே."

"டோஸ் கூட்டியிருக்காங்க ஐயா."

"கூட்டட்டும். எஞ்சின்ல கரி இல்லாதப்போ... எவ்வளவு தள்ளினாலும்... அவ்வளவுதான்." பெட்டியை வாங்கினார். "கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு ஐயா. இறந்துட்டாங்க. போன பனியில."

பெரியவர் என்னைப் பார்த்தார். காலால் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன்.

"டேய், தண்ணி," என்றார் மகனைப் பார்த்து.

வாத்தியார் அடுப்பைக் குறைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். பெரியவர் அட்டையில் இருந்து ஒரு கேப்சூல் குப்பியைப் பிதுக்கினார். பாதி வெள்ளை, பாதி ஊதா. வாயில் போட்டார். தண்ணீரைக் குடித்தார். தலையை அண்ணாந்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, இதை எப்பவும் இப்படித்தான் போடறீங்களா?"

"வேற எப்படிப் போடறது? தொண்டையில ஒட்டிக்கும். அதுக்குத்தான்... குலுக்கறது."

"இதோட ஒரு சின்ன பிளாஸ்டிக் குழல் குடுத்திருப்பாங்களே?"

"அதுவா? விசில்தானே? ஊதிப் பாத்தேன். சத்தமே வரல. சாம்பிள்தானே, மட்டமாத்தான் இருக்கும்னு... அந்தா, பல்பொடி பக்கத்துல."

அந்தக் குப்பியை விழுங்கக் கூடாது. குழலுக்குள் போட்டுத் திருகினால் குப்பி உடையும். உள்ளே இருக்கும் பொடியை வாயால் உறிஞ்ச வேண்டும். மருந்து நுரையீரலுக்குப் போக வேண்டும். இரண்டு மாதமாக அது இவருடைய வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சொன்னேன். வாத்தியார் டம்ளரை வாங்கிய கையோடு அப்படியே நின்றார். உருளைக்கிழங்கு அடிபிடிக்கும் வாசனை வந்தது.

"தெனமும் ரெண்டு வேளை," என்றார் மெதுவாக. "நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன்."

"டேய், விடுடா. நல்ல தண்ணிதானே குடுத்தே," என்றார் பெரியவர். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவகிட்ட சொல்லாதீங்க. மனசு விட்டுடுவா. இன்னைக்கே... கதவைச் சாத்திடுவா."

வாத்தியார் அப்பாவைப் பார்க்கவில்லை. டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இத்தனை நாள் தேடிய காரணம் கைக்கு வந்துவிட்டது. கீழே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளினிக் மூடிவிடும். மனைவி மாலையில் வீட்டுக்கு வருவார். ஆனால் டம்ளரும் அவர் கையில்தான் இருந்தது.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கருகிய வாசனைக்கு டாக்டரே மேலே வந்துவிட்டார். பெரியவரின் மடியில் குழல், மகன் கையில் டம்ளர், நடுவில் நான். பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"மாமா, முழுங்கினீங்களா?"

பெரியவரால் மருமகளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "ருசி ஒண்ணும் மோசமில்லம்மா," என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் மேல்வீட்டில் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் காட்டிக்குடுக்கல. டப்பாவ மட்டும் குடுத்தேன்." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ கீழ எத்தனை பேர் முழுங்கறாங்க?"

எங்களுக்கு முன்னால் இறங்கிவிட்டார். வராந்தாவில் நின்று, ஊதா மூடி மருந்து சாப்பிடுகிறவர்கள் கை தூக்கச் சொன்னார். கைகள் எழுந்தன.

"எப்படிப் போடறீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

ஒரு மில் தொழிலாளி எழுந்து நின்றே சொன்னார். "சாப்பாட்டுக்கு அப்புறம், தண்ணியில, டாக்டரம்மா. ஒரு வேளை விட்டதில்ல."

"நான் பால்ல."

"நான் குழல்லதாங்க. உறிஞ்சிடுவேன்."

"நீங்க?"

லாரியில் மரம் ஏற்றும் ஆள் தயங்கினார். "ஒடைச்சு டீயில போட்டுக் கலக்கிடுவேன் டாக்டரம்மா. பொடியா இருக்குதே, கலக்கறதுக்குத்தான்னு நெனச்சேன். வீட்டுல அவளுக்கும் இருமல், பாதி டீ அவளுக்கு."

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரித்தவரைப் பார்த்தார். அவரும் விழுங்கியவர்தான்.

டாக்டர் உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் வாசலில் நின்றார்.

"நீங்க சொன்னது சரிதாங்க," என்றார் டாக்டர். "எல்லாரையும் பாக்கறேன்னு யாரையுமே பாக்கல. தூள்தான் காரணம்னு டோஸை ஏத்திக்கிட்டே போயிருக்கேன். அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிடறேன்."

வாத்தியார் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார். "இப்போ எல்லாரும் உக்காந்திருக்காங்க. அவங்கள முதல்ல அனுப்பு."

என் பையில் மருந்தில்லாத வெறும் குழல்கள் இருந்தன. டாக்டர்களிடம் காட்டிப் பேசுவதற்காகக் கொடுத்தவை. குட்டை பெஞ்சை நீள பெஞ்சுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குப்பியைப் போட வேண்டும், திருக வேண்டும், மூச்சை முதலில் வெளியே விட்டுவிட வேண்டும், பிறகு உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் அடக்க வேண்டும். கடைசியில் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒவ்வொருவராகச் செய்து காட்டச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் உறிஞ்சுவதற்குப் பதில் ஊதினார்கள். டீயில் கலக்கிய லாரிக்காரருக்கு மட்டும் ஆறு தடவை ஆனது. சிஸ்டர் எனக்கு டீ கொடுத்தார். அதுவரை கொடுத்ததில்லை.

"என்ன சிஸ்டர், பல்லு தெரியச் சிரிச்சேனா?"

"நீங்க இன்னைக்குச் சிரிக்கவே இல்ல. அதான் டீ."

மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் மற்ற கம்பெனி ஆட்களிடம் பேசினேன். நாங்கள் தினமும் அங்கேதான் கூடுவோம். அறுவை மில் தெருவுக்கு இனி எல்லோரும் புதன்கிழமை மதியம் ஒன்றாகப் போவோம், மற்ற நாளில் முறை வைத்து ஒருவர் மட்டும் போய் வராந்தாவில் உட்கார்ந்து குழலைக் காட்டுவோம், எந்த மருந்தின் பேரையும் சொல்லக் கூடாது என்றேன்.

எங்களில் மூத்தவருக்குப் பெரியபை என்று பட்டப்பெயர். அவர் சமோசாவைக் கீழே வைத்தார்.

"பேர் சொல்லாம உக்கார்றதுக்கு நான் என்ன பிள்ளையாரா? மேனேஜர் கேட்டா?"

"நீங்க எங்க இருக்கீங்கன்னு போன்ல இருக்கற கம்பெனி ஆப்ல அவருக்குத் தெரியும்ணே. கிளினிக்லதான் இருப்பீங்க. முன்னவிட அதிக நேரம் இருப்பீங்க."

"அது சரி." யோசித்தார். "உக்கார இடம் இருக்குமா?"

"பெஞ்சு இருக்கு. டீ வரும்."

"அந்தச் சிஸ்டர் டீ குடுத்துச்சா? யாருகிட்ட கதை விடறே?"

"சத்தியமா."

"அப்போ முதல் நாள் நான்," என்றார் பெரியபை.

மேனேஜர் அவ்வளவு சுலபமாக இல்லை. போனில் கேட்டார்.

"டாக்டர் என்ன உதவி கேட்டாங்க?"

"வராதீங்கன்னு கேட்டாங்க சார்."

"வேற?"

"வெறும் குழல் வேணும். ஒரு பெட்டி. கம்பெனி பேர் போடாம."

"பேர் போடாம குடுத்தா நாம குடுத்தோம்னு எப்படித் தெரியும்?"

"மூச்சு விடறவங்களுக்குத் தெரியும் சார்."

"வசனம் பேசாதேப்பா," என்றார் மேனேஜர். ஆனால் குழல் வந்தது. கூடவே இன்னும் கொஞ்சம் ரப்பர் பந்து வந்தது. அதை நிறுத்த அவரால் முடியவில்லை போலிருக்கிறது. லாரிக்காரர் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார், அவர் குழந்தைக்கு.

மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை வந்தது. பனி இருந்தது, தூளும் இருந்தது. மதியம் நாங்கள் எட்டுப் பேரும் ஒன்றாக உள்ளே போய், ஒருவர் பின் ஒருவராக அவரவர் மருந்தைப் பற்றிச் சொல்லி முடித்தோம். வெளியே வந்தபோது பெரியவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். படி இறங்கி அவராகவே வந்திருக்கிறார். ஒரு நோயாளியிடம் குழலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், ஊதாதேய்யா, இது என்ன விசிலா? நானும் அப்படித்தான் ஊதினேன். உறிஞ்சு. டீசல் எஞ்சின் மாதிரி இழு. அப்படியே புடி. புடி... ம், இப்போ விடு." வாக்கியத்தின் நடுவில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும், "தம்பி, மேல சாப்பிடக் கூப்பிட்டாங்க. போங்க, ஆறிடும்," என்றார்.

மேலே சாப்பாட்டு மேஜையில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு. சோறும் முட்டைக் குழம்பும். வாத்தியாருக்கு அன்றைக்கு அரை நாள் பள்ளிக்கூடம்.

"பதில் கேக்க வந்தீங்களா?" என்றார் டாக்டர்.

"மேனேஜர் காலையில இருந்து போன் பண்றார் மேடம்."

"அந்த வேலையில உண்மையில என்ன செய்வாங்க? நீங்க சொல்லுங்க. அவங்க சொன்னதை நான் கேட்டுட்டேன்."

"எங்களுக்குப் பாடம் எடுப்பாங்க. டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷத்துல எப்படிப் பேசறதுன்னு."

டாக்டருக்குப் புரையேறியது. வாத்தியார் அவர் தலையில் தட்டினார்.

"நல்ல வேலைதான் மேடம்," என்றேன். "பொய் சொல்லக் கூடாது. அங்க இருக்கறவங்க மத்தியானம் உக்காந்து சாப்பிடுவாங்க."

"நானும் உக்காந்துதானே இருக்கேன்?"

"இன்னைக்கு," என்றார் வாத்தியார்.

"சரி, இன்னைக்கு." டாக்டர் கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "நீங்க சொல்லுங்க. போன்னா போறேன். மனசார சொல்றேன்."

வாத்தியார் குழம்புப் பாத்திரத்தை மூடினார், திறந்தார்.

"அப்பா நேத்து மாடிக்கும் கீழயும் மூணு தடவை போயிட்டு வந்தார்," என்றார். "எதுக்குன்னு கேட்டா சும்மாங்கறார். எனக்குன்னு கேட்டா, நீ சாயங்காலம் வீட்டுல இருக்கணும். அவ்வளவுதான். எந்த வேலைங்கறது எனக்கு முக்கியமில்ல. மத்தியானம் ரெண்டு மணி நேரம் கதவு சாத்தணும். ஞாயித்துக்கிழமை திறக்கவே கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா இங்கயே இரு. ஒத்துக்கலைன்னா போயிடலாம்."

"அவசரம்னா?"

"அவசரம்னா நானே எழுப்பறேன். தும்மலுக்கு எழுப்ப மாட்டேன்."

"சரி," என்றார் டாக்டர்.

"சரின்னா எதுக்குச் சரி?"

"எல்லாத்துக்கும். இங்கயே."

என் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தேன். மேனேஜர்.

"என்னப்பா, கேட்டியா? என்ன சொன்னாங்க?"

"வரலையாம் சார்."

"ஏன்? சம்பளம் பத்தலையா? நான் பேசறேன், குடு."

"இப்போ முடியாது சார். சாப்பிடறாங்க."

"அப்போ சாப்பிட்டதும் குடு."

"சாப்பிட்டதும் தூங்குவாங்களாம்."

வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டார். நான் போனை வைத்துவிட்டேன். அவர் எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தார். கேட்கவில்லை, வைத்தார். சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்போது கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தார்.

டாக்டர் பாதி எழுந்துவிட்டார். கை தட்டிலேயே இருந்தது.

வாத்தியார் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா, மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க, சும்மா மூக்கொழுகல்!"

"அப்போ கதவு திறந்ததும் வா!"

"சரிங்க!"

ஜன்னல் மூடியது. டாக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கீழே அந்த ஆளின் காலடிச் சத்தம் தெரு வரைக்கும் போய்த் தேய்ந்தது. அப்புறம்தான் உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். மெதுவாக மென்றார்.

"ஏங்க, இதுல உப்பே இல்லையே."

"கல்யாணம் ஆனதுல இருந்து அவ்வளவுதான் போடறேன்," என்றார் வாத்தியார். "நீ இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சிருக்கே."

உப்பு ஜாடி என் பக்கத்தில் இருந்தது. என் தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, டாக்டர் பக்கம் நகர்த்தினேன்.